அம்மாவுக்கு அனுப்பும் பணமும் ஜப்பான் வரியும்: 38 மான் கணக்கு

ஜப்பானில் வேலைக்கு வரும் நம்மவர்களுக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் எழும் கேள்வி, "இவ்ளோ பிடித்தமா?" என்பதுதான். கொஞ்ச நாள் கழித்து, பக்கத்து சீட்காரர் வழியாக இரண்டாவது கேள்வி வரும்: "ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவை டிபென்டென்ட்டா காட்டிட்டீங்களா?"

கேட்பவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. ஜப்பானில் வரி கட்டும் ஒருவர், தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் பெற்றோரைத் தன் ஆதரவில் இருப்பவர்களாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். எல்லா நாட்டிலும் இது நடக்காது. வளைகுடா நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை, அதனால் கேள்வியே எழாது. அமெரிக்காவில், பெற்றோர் அமெரிக்கக் குடிமக்களாகவோ அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்களாகவோ இருந்தால்தான் சார்ந்தோர் பட்டியலில் சேர்க்க முடியும். சிங்கப்பூரின் பெற்றோர் கழிவும் அங்கேயே வசிக்கும் பெற்றோருக்குத்தான். ஜப்பான் இந்த விஷயத்தில் தாராளம். ஆனால் அந்தத் தாராளத்துக்கு ஒரு குணம் உண்டு. அது குடும்பத்தைப் பார்ப்பதில்லை, ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்க்கிறது. இந்த ஒரு விஷயம் புரியாததால்தான் பல பேர் ஒழுங்காகப் பணம் அனுப்பியும் கழிவை இழக்கிறார்கள்.

கழிவு என்றால் என்ன?

ஜப்பானிய மொழியில் இதற்கு ஃபுயோ கோஜோ என்று பெயர். ஃபுயோ என்றால் ஆதரிப்பது, கோஜோ என்றால் கழிவு. வரியிலிருந்து நேராகக் கழிப்பதில்லை, வரி போடும் வருமானத்திலிருந்து கழிப்பார்கள். "38 மான் கழிவு" என்று கேள்விப்பட்டதும் 38 மான் கையில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். (மான் என்றால் பத்தாயிரம். 38 மான் என்பது 3,80,000 யென்.)

வருமான வரியில் ஒரு நபருக்கான கழிவு அவருடைய வயதைப் பொறுத்தது:

- 16 வயதுக்குக் கீழ்: கழிவு இல்லை
- 16 முதல் 18 வரை, 23 முதல் 69 வரை: 3,80,000 யென்
- 19 முதல் 22 வரை: 6,30,000 யென்
- 70-ம் அதற்கு மேலும்: 4,80,000 யென் (கூடவே வசிக்கும் பெற்றோர், தாத்தா பாட்டி என்றால் 5,80,000)

வயது என்பது அந்த வருடம் டிசம்பர் 31 அன்றைய வயது. இதே கழிவு உள்ளூர் வரிக்கும் (ஜூமின்ஸெய்) உண்டு, தொகை மட்டும் குறைவு: முறையே 3,30,000, 4,50,000, 3,80,000.

பெற்றோர் மட்டும்தானா? இல்லை. இரத்த உறவில் ஆறாவது படி வரையும் திருமண உறவில் மூன்றாவது படி வரையும் சட்டம் அனுமதிக்கிறது. மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கை எல்லோரும் இந்த வட்டத்துக்குள் வருவார்கள். நிபந்தனை, அவருடைய வாழ்க்கைச் செலவு உங்கள் வருமானத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஒரே ஆளை இரண்டு பேர் காட்டவும் முடியாது. அண்ணன் யோகஹாமாவிலும் தம்பி நிஷி காசாயிலும் இருந்தால், அம்மா யாராவது ஒருவர் கணக்கில்தான்.

மனைவி அல்லது கணவருக்கான கழிவு தனி. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பிறகு வருகிறேன்.

2023-ல் என்ன மாறியது, ஏன் மாறியது?

சார்ந்திருப்பவருக்குச் சொந்த வருமானம் அதிகம் இருந்தால் கழிவு கிடையாது. 2025-ம் ஆண்டுக்கு அந்த வரம்பு 5,80,000 யென். ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் உறவினர் விஷயத்தில், இந்த வரம்புக்குள் வருவது ஜப்பானில் ஈட்டிய வருமானம் மட்டுமே. ஊரில் அப்பா வாங்கும் பென்ஷனோ, கடை வருமானமோ இந்தக் கணக்கில் ஏறாது. ஏறினாலும் ஜப்பான் வரி அலுவலகத்தால் அதைச் சரிபார்ப்பது சிரமம்.

இந்த ஓட்டை வழியாக என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஊரில் நன்றாகச் சம்பாதிக்கும் உறவினர்களையும் சிலர் வரிசையாகக் காட்டினார்கள். ஜப்பானின் தணிக்கை வாரியம் இதைச் சுட்டிக்காட்டியது. முதல் கட்டமாக 2016-லிருந்து இரண்டு சான்றுகள் கட்டாயமாயின: உறவுக்கு ஒன்று, பணம் அனுப்பியதற்கு ஒன்று. பிறகு 2020-ல் சட்டம் மாற்றப்பட்டு, 2023 ஜனவரியிலிருந்து வயதுக் கட்டுப்பாடு அமலுக்கு வந்தது.

அதன்படி, வெளிநாட்டில் வசிக்கும் 30 முதல் 69 வயது வரையான உறவினருக்குப் பொதுவாகக் கழிவு கிடையாது. உழைக்கக்கூடிய வயது என்பது வாதம். மூன்று விதிவிலக்குகள் உண்டு: படிப்புக்காக ஜப்பானை விட்டு வெளிநாடு போனவர், மாற்றுத்திறனாளி, அந்த வருடத்தில் உங்களிடமிருந்து வாழ்க்கைச் செலவுக்கோ படிப்புக்கோ 3,80,000 யென்னோ அதற்கு மேலோ பெற்றவர்.

நம்மில் பெரும்பாலோருக்கு மூன்றாவதுதான் பொருந்தும். முப்பது, முப்பத்தைந்து வயதில் ஜப்பானில் இருப்பவரின் பெற்றோர் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இருப்பார்கள். சரியாக அந்த வலைக்குள். எனவே அப்பாவுக்கு 38 மான், அம்மாவுக்கு 38 மான். நம்ம ஊர்க் கணக்கில் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய்.

கவனிக்க: 16 முதல் 29 வரையும், 70-க்கு மேலும் இந்த 38 மான் நிபந்தனை இல்லை. அனுப்பியதற்கு முறையான சான்று இருந்தால் போதும். 20 வயதில் கல்லூரியில் படிக்கும் தங்கையின் செலவை உண்மையிலேயே நீங்கள் பார்த்துக்கொண்டால், பெற்றோரை விடவும் பெரிய கழிவு (6,30,000) அவருக்குத்தான். இது பலருக்குத் தெரிவதில்லை.

ஒரே பணம், வேறு வேறு விடை

இப்போது கணக்குக்கு வருவோம். எல்லாக் கழிவும் போக வரி விதிக்கத்தக்க வருமானம் 50 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். இது 20 சதவீத அடுக்கு. வருமான வரியின் மேல் 2.1 சதவீதம் மறுசீரமைப்பு வரி உண்டு (2011 பேரிடருக்குப் பின் வந்தது, 2013 முதல் வசூலாகிறது). உள்ளூர் வரி 10 சதவீதம்.

70 வயதுக்குக் கீழ் ஒரு பெற்றோருக்கு: வருமான வரியில் 3,80,000-ல் 20 சதவீதம் 76,000, மறுசீரமைப்பு வரியோடு 77,596. உள்ளூர் வரியில் 33,000. ஆக மொத்தம் சுமார் 1,10,600 யென் மிச்சம். 70-ஐத் தாண்டியவர் என்றால் 98,016-ம் 38,000-ம் சேர்ந்து சுமார் 1,36,000 யென்.

அப்பாவுக்கு வயது 62, அம்மாவுக்கு 58. மகன் வருடத்துக்கு 5 லட்சம் யென் அனுப்புகிறார்.

முழுவதையும் அப்பா கணக்குக்கு அனுப்பினால்: அப்பாவுக்கு மட்டும் கழிவு. மிச்சம் 1,10,600.

நியாயமாக இருக்கட்டும் என்று ஆளுக்கு இரண்டரை லட்சம் அனுப்பினால்: இருவருமே 38 மானைத் தொடவில்லை. மிச்சம் பூஜ்யம்.

இன்னும் 2,60,000 சேர்த்து ஆளுக்கு 3,80,000 அனுப்பினால்: இருவருக்கும் கழிவு. மிச்சம் 2,21,200.

இன்னொரு வீடு. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 64. அதே 5 லட்சம். வழக்கம்போல அப்பா கணக்குக்கே போனால் மிச்சம் 1,36,000. அம்மா கணக்குக்கு 3,80,000, அப்பா கணக்குக்கு 1,20,000 என்று போனால் இருவருக்கும் கழிவு, மிச்சம் 2,46,600. அதே பணம், அதே சமையலறை, ஒரு யென் கூடச் செலவில்லை. வித்தியாசம் 1,10,600 யென்.

நம்ம வீடுகளில் பணம் ஓர் இடத்துக்குத்தான் போகும். "அப்பா அக்கவுண்டுக்கு அனுப்பிட்டா போதும், எல்லாம் ஒரே வீடுதானே." பல வீடுகளில் அம்மா பெயரில் பேங்க் கணக்கு இருந்தாலும் அதில் போக்குவரத்தே இருக்காது. ஜப்பான் வரிச் சட்டமோ, தேவை ஏற்படும்போதெல்லாம், ஒவ்வொருவருக்கும் அனுப்பியது தெரிய வேண்டும் என்கிறது. அந்த "ஒவ்வொருவருக்கும்" என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அப்பா கணக்குக்கு 10 லட்சம் போயிருந்தாலும் அம்மாவுக்கு அனுப்பியதாக ஆகாது.

பணத்துக்குச் சான்று

வழக்கமாகப் பயன்படுவது இரண்டு வழி. ஒன்று, வங்கி மூலமோ, பதிவுபெற்ற பணப் பரிமாற்ற நிறுவனம் மூலமோ உங்கள் பெயரிலிருந்து அந்த உறவினர் பெயருக்கு அனுப்பியதற்கான ரசீது. இரண்டு, நீங்கள் பணம் கட்டும் கிரெடிட் கார்டின் குடும்ப அட்டையை உறவினர் ஊரில் பயன்படுத்தி, அந்தச் செலவுப் பட்டியல். கார்டில் பார்ப்பது பயன்படுத்திய தேதியை, உங்கள் கணக்கிலிருந்து பணம் பிடித்த தேதியை அல்ல. டிசம்பர் கடைசியில் வாங்கியது அந்த வருடத்துக் கணக்கு.

ஏற்றுக்கொள்ளப்படாதவை:

- பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்த பணம்
- ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பியது
- உங்கள் சொந்த என்ஆர்ஈ கணக்குக்கு அனுப்பி, அதன் ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுத்து வைப்பது

கடைசியாகச் சொன்னது நம்மவர்களிடம் ரொம்பச் சாதாரணம். குடும்பத்தைப் பொறுத்தவரை அம்மாவுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. காகிதத்தைப் பொறுத்தவரை நீங்கள் உங்களுக்கே பணம் அனுப்பிக்கொண்டீர்கள்.

38 மானைச் சரியாக 3,80,000 என்று அனுப்பாமல் கொஞ்சம் மேலே வைப்பது நல்லது. கட்டணம், மாற்று விகிதம் என்று ஏதாவது கழிந்து சில நூறு யென் குறைந்தாலும் முழுக் கழிவும் போய்விடும். இங்கே பாதிக் கழிவு என்று ஒன்று கிடையாது.

உறவுக்குச் சான்று, நம்ம இனிஷியல்

அரசாங்கம் கொடுத்த ஆவணம் வேண்டும். அதில் உறவினரின் பெயர், பிறந்த தேதி, முகவரி, உங்களோடு உள்ள உறவு தெரிய வேண்டும். ஒரே தாளில் எல்லாம் இல்லையென்றால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் காட்டலாம். பெற்றோருக்கு உங்கள் பிறப்புச் சான்றிதழ்தான் முதுகெலும்பு. பெற்றோரின் பாஸ்போர்ட், ஆதார் போன்றவை பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் துணை. மாமனார் மாமியாருக்கு உங்கள் திருமணச் சான்றிதழும் துணையின் பிறப்புச் சான்றிதழும் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தாலும் சரி.

தமிழர்களுக்கு வரும் ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. ஜப்பானில் ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பெயர். கணவனும் மனைவியும் ஒரே பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சிவில் சட்டமே சொல்கிறது. அந்தக் கண்ணோடு நம் ஆவணங்களைப் பாருங்கள். மகன் பாஸ்போர்ட்டில் "செல்வம் ராமசாமி". அப்பா பாஸ்போர்ட்டில் "ராமசாமி கந்தசாமி". அம்மா "லட்சுமி ராமசாமி". பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வெறும் "கே. ராமசாமி". நம்ம கண்ணுக்கு இது பளிச்சென்று ஒரே குடும்பம். சம்பளப் பிரிவில் இருக்கும் ஜப்பானியருக்கு அப்பாவும் மகனும் வேறு வேறு வீட்டுக்காரர்கள்.

இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. நான்கு வரி விளக்கம் ஒன்றை ஜப்பானிய மொழியில் எழுதி இணைத்துவிடலாம்: எங்கள் ஊரில் குடும்பப் பெயர் இல்லை, தந்தையின் பெயரே பிள்ளையின் பெயரோடு சேரும், "கே" என்பது கந்தசாமியின் முதலெழுத்து. எழுத்துக்கூட்டல் மாறியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சாகியிருந்தால் அதையும் சேர்க்கலாம்.

பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இல்லாமல் அப்பா அம்மா பெயர் மட்டும் இருப்பதும் உண்டு. அப்படியென்றால் ஊரில் பெயர் சேர்க்கும் வேலையை முன்கூட்டியே முடித்துவிட வேண்டும், டிசம்பரில் ஓடக் கூடாது. அதேபோல் பெற்றோரின் பிறந்த தேதி. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பல பெரியவர்களின் அதிகாரபூர்வமான தேதி. உண்மையில் 70 ஆகியிருந்தாலும் காகிதத்தில் 68 என்றால் 68-தான்.

எப்போது, எப்படி?

கம்பெனியில் வேலை செய்பவருக்கு இது வருடக் கடைசியில் நடக்கும் நென்மாட்சு சோசெய் என்ற சரிக்கட்டலில் முடிந்துவிடும். சார்ந்தோர் படிவத்தில் பெயர் எழுதி, உறவுச் சான்றையும் பணம் அனுப்பிய சான்றையும் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த ஆண்டு பிப்ரவரி 16 முதல் மார்ச் 15 வரை நடக்கும் வரித் தாக்கலில் (ககுதெய் ஷின்கொகு) நாமே கேட்கலாம்.

தாக்கலே செய்யாத சம்பளக்காரர் கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்க ஐந்து வருடம் அவகாசம் உண்டு. 2023-ம் ஆண்டுக்கானதை 2028 டிசம்பர் 31 வரை கேட்கலாம். அன்று வாங்காமல் விட்ட பிறப்புச் சான்றிதழை இன்று வாங்கிக் கொடுக்கலாம். அன்று அனுப்பாமல் விட்ட பணத்தை மட்டும் இன்று அனுப்ப முடியாது. அதனால்தான் ரசீதுகளை வருட வாரியாக, ஆள் வாரியாகச் சேர்த்து வைக்கச் சொல்கிறேன்.

உள்ளூர் வரியின் பலன் உடனே தெரியாது. இந்த வருட வருமானத்துக்கான உள்ளூர் வரி அடுத்த ஜூனிலிருந்துதான் பிடிக்கப்படும். கழிவின் ஒரு பகுதி அப்போதுதான் சம்பளச் சீட்டில் தெரியும்.

குழப்பிக்கொள்ளும் மூன்று இடங்கள்

முதலாவது, மனைவி அல்லது கணவர். ஊரில் இருக்கும் துணைக்கான கழிவு அதிகபட்சம் 3,80,000 (70 வயதானவர் என்றால் 4,80,000). இதற்கு 2023-ன் வயது விதி பொருந்தாது, 38 மான் நிபந்தனையும் இல்லை. உறவுச் சான்றும் பணம் அனுப்பிய சான்றும் போதும். ஆனால் உங்கள் ஆண்டு வருமானம் (சம்பளக் கழிவு போக) 90 லட்சம் யென்னைத் தாண்டினால் கழிவு குறைந்து, ஒரு கோடியைத் தாண்டினால் போய்விடும். பெற்றோர் கழிவுக்கு இப்படி ஓர் உச்சவரம்பு இல்லை.

இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. வரியில் சார்ந்தோர் வேறு, கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் சார்ந்தோர் வேறு. காப்பீட்டுக்கு 2020 ஏப்ரலிலிருந்து, சில விதிவிலக்குகள் தவிர, ஜப்பானில் வசிக்க வேண்டும். ஊரில் இருக்கும் பெற்றோரை வரியில் காட்டலாம், காப்பீட்டில் சேர்க்க முடியாது.

மூன்றாவது, இந்தியப் பக்கம். "அம்மா கணக்குக்கு இவ்ளோ பணம் போனா அவங்களுக்கு அங்க வரி வந்துடாதா?" பிள்ளை பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு இந்திய வருமான வரிச் சட்டத்தில் வரி இல்லை, தொகை எவ்வளவானாலும். அதை அம்மா டெபாசிட்டில் போட்டால் வரும் வட்டி அவர் வருமானம். மனைவிக்கு அனுப்பிய பணத்தின் வட்டி மட்டும் கணவர் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

செய்யலாமா?

அப்பாவுக்கு நல்ல பென்ஷன். உங்கள் பணம் அவருக்குத் தேவையில்லை. 38 மான் அனுப்பி, அது அவர் கணக்கில் டெபாசிட்டாகத் தூங்கி, பிறகு உங்களுக்கே திரும்பி வரும். இப்படிச் செய்தால் காகிதம் சரியாக இருக்கும். ஆனால் சட்டம் கேட்பது வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை. காகிதம் அதற்குச் சான்று, அதற்கு மாற்று அல்ல. பின்னால் விசாரணை வந்தால் குறைந்த வரியோடு கூடுதல் வரியும் தாமத வரியும் கட்ட வேண்டும். நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கொடுக்கும் வரிச் சான்றிதழில் எத்தனை பேரைச் சார்ந்தோராகக் காட்டினீர்கள் என்பதும் இருக்கும்.

மறுபக்கம், உண்மையிலேயே வீட்டைத் தாங்குகிறவர்கள் பலர் இந்தக் கழிவைக் கேட்பதே இல்லை. சான்றிதழ், மொழிபெயர்ப்பு என்றதும் "எதுக்கு வம்பு" என்று விட்டுவிடுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு லட்சம் யென் என்பது, ஊருக்குப் போய்வர விமான டிக்கெட் வாங்கி மிச்சமும் வைக்கக்கூடிய தொகை.

ஜனவரியிலேயே செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மாவின் கணக்கு எண்ணை வாங்கி, பணம் அனுப்பும் பட்டியலில் அவரைத் தனிப் பெயராகச் சேர்த்துவிடுங்கள். மாதம் 32,000 யென் அனுப்பினால் வருடத்துக்கு 3,84,000. வரம்பு தாண்டிவிடும். ரசீதும் பன்னிரண்டு மாதத்துக்கும் அவர் பெயரிலேயே இருக்கும்.